ஊரில் இல்லாத நாட்களில் நாய் யாருடையது?

"மாசத்துல பத்து நாள் நான் ஊர்லயே இருக்கமாட்டேன். நாய் எடுத்து வளர்க்கலாமா சார்?"

ஓசூரில் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு நாயிடம் மனதைக் கொடுத்துவிட்டவர்கள். சிப்காட் கேட் எதிரே டீக்கடையில் பன் பிய்த்துப் போட்டுப் பழகியிருப்பார்கள். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்ததைச் சாக்கில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். வீட்டைக் காலி செய்த குடும்பம் விட்டுப் போன லாப்ரடார் ஒன்று பூட்டிய கேட்டைப் பார்த்தபடியே படுத்திருப்பதைத் தினமும் கடந்து போயிருப்பார்கள். அந்த நாயை விடவும் மனமில்லை, எடுக்கவும் தைரியமில்லை. மாதத்தில் எட்டுப் பத்து நாள் புனே பக்கம் சாக்கனிலும் சென்னைப் பக்கம் ஒரகடத்திலும் சப்ளையர் ஆடிட்டுக்குச் சுற்றுகிற நானும் அந்த இடத்தில் நின்றவன்தான்.

என் சொந்த ஊரில் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே வீடு என்றால் யாராவது ஒருவர் இருப்பார். அப்பா சந்தைக்குப் போனால் பாட்டி, பாட்டி கல்யாணத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுச் சித்தி. நாய்க்கு நேரத்துக்குச் சோறு விழும். ஓசூர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் லாரி, மொபெட், கைக்கடிகாரம், இன்று மின்சார ஸ்கூட்டர், செல்போன் பாகம் என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஊர் இது. தர்மபுரியும் திருப்பத்தூரும் சேலமும் தென்மாவட்டங்களும் இங்கே வாடகை வீட்டில் இருக்கின்றன. பீகாரும் ஒடிசாவும் ஷெட்டில் இருக்கின்றன. பாட்டி இல்லாத வீடுகள் இவை. பயணம் எல்லா ஊரிலும் உண்டு. பயணம் போனால் பின்னால் ஆள் இல்லை என்பதுதான் இந்த ஊரின் சிக்கல்.

இங்கே 'வெளியூர் போவது' என்று எல்லாரும் ஒரே சொல்லால் சொன்னாலும், நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பல வகை. தினமும் காலை ஏழு மணிக்கு ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், நெரிசலில் சிக்கி இரவு எட்டரைக்கு வருகிறவர் தன்னைப் பயணி என்று நினைப்பதே இல்லை. "நான் தினமும் வீட்டுக்கு வந்துடறேனே" என்பார். ஆனால் அவர் தனி ஆளாக இருந்தால், அவருடைய நாய் வாரத்தில் ஐந்து நாள் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியாகக் கிடக்கிறது. மாதத்தில் ஆறு நாள் புனே போகிறவர் வீட்டில் மனைவியோ தம்பியோ இருந்தால், அந்த நாய் தனியாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. பயணப்படி வாங்குகிறவரைவிட வாங்காதவரின் நாய்தான் பல சமயம் அதிகம் தவிக்கிறது.

ஷிஃப்டு வேலை செய்பவர் நிலை வேறு. ஊரை விட்டு நகராமலே அவருடைய காலை மாலையாகிவிடும். இந்த வாரம் ஆறு மணி ஷிஃப்டு, அடுத்த வாரம் இரண்டு மணி, அதற்கடுத்தது இரவு. நாய் கடிகாரம் பார்க்காது, ஆனால் பழகிய நேரத்தை உடம்பிலேயே வைத்திருக்கும். சோறு, நடை, தூக்கம் எல்லாம் வாரத்துக்கு வாரம் இடம் மாறினால் அது திணறும். தனியாக இருக்கும் ஷிஃப்டுக்காரர் குறைந்தது ஒரு வேளைச் சோற்றையாவது எல்லா ஷிஃப்டிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் பை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறுகிற பி.ஜி. வாசிகளுக்கு என் பதில் நேரானது: அறைத் தோழர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் நாய் வேண்டாம்.

அடுத்து, எந்த நாய் என்று பார்க்க வேண்டும். 'காப்பாற்றிய நாய்' என்றதும் பலரும் குட்டியைத்தான் நினைக்கிறார்கள். தெருக்குட்டிகளின் நிலை அப்படி நினைக்க வைக்கிறது. கொல்கத்தாவில் ஐசர் (IISER) என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்க் குட்டிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் இறந்தவை. இதைப் படித்த பிறகு சாக்கடை ஓரத்தில் முனகும் குட்டியைத் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் பயணம் போகிறவருக்குக் குட்டி ஏற்றதல்ல என்பதை நான் ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றேன்.

எட்டு வருடம் முன்பு. ஒன்றரை மாதக் குட்டி, மழைக்கு ஒதுங்கி என் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது. எடுத்து வந்தேன். முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாவது போட வேண்டிய வாரத்தில் சென்னையில் நான்கு நாள் வேலை, அது ஏழு நாள் ஆனது. பார்த்துக்கொண்ட நண்பனுக்கு ஊசி நாள் தெரியாது, நான் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் ரத்தமாகப் பேதி. பார்வோ வைரஸ். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டது. குட்டிக்கு ஆறேழு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை ஊசி தொடர வேண்டும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. நான்கு மாதம் ஆகும் வரை சில மணிக்கொரு தரம் வெளியே விட வேண்டும், மூன்று நான்கு வேளை சோறு வைக்க வேண்டும். அந்த மாதங்களில் தொடர்ந்து ஊரில் இருக்க முடியாதவர் குட்டி எடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மூன்று வயதான, கருத்தடை ஆகி, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட நாய்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தம். அதன் குணம் தெரிந்துவிட்டது. பார்வோ போன்ற குட்டிப்பருவக் கண்டங்களைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது பல பேரிடம் வாழ்ந்து பழகியது. இதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். அதே கொல்கத்தா குழு இன்னொரு ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரிடம் தெருநாய் நெருங்கி நம்பிக்கை வைப்பதற்குச் சோற்றைவிடத் தடவிக் கொடுப்பதுதான் அதிகம் உதவுகிறது என்று கண்டது. தெருநாய்க்கு மனிதர் என்பது ஒரு ஆள் இல்லை. டீக்கடை மாஸ்டர், வாட்ச்மேன், லைன் வீட்டு அக்கா, ராத்திரி ஷிஃப்டு முடிந்து வரும் பையன் என்று ஒரு கூட்டம்.

இப்போது என்னுடன் இருக்கும் ராகி அப்படி வந்தவள்தான். ராகி மாவு நிறம், அதனால் அந்தப் பெயர். பாகலூர் ரோட்டில் ஒரு டூல் ரூம் வாசலில் இருந்தாள். அங்கே தெலுங்குக்காரர் "ரா ரா" என்பார், கன்னடக்காரர் "பா பா" என்பார், நான் "வா வா" என்பேன். மூன்றுக்கும் ஒரே வால்தான் ஆடும். ஷிஃப்டு பஸ் முக்கில் திரும்பும் சத்தம் கேட்டதும் எழுந்து முதுகை வளைத்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, படிக்கட்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொள்வாள். இறங்குகிறவர்களில் யார் பையில் பிஸ்கட் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றரை நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட நாயைத் தூக்கி வந்து ஒரு கேட்டுக்குள் அடைத்து, அந்த ஏழெட்டுக் கைகளுக்குப் பதிலாக ஒரு கையை வைத்து, பிறகு அந்தக் கையும் பத்து நாள் புனே போய்விட்டால் அதற்கு என்ன மிஞ்சும்? நாம் காப்பாற்றியது எதை?

சட்டமும் இந்த முடிச்சில்தான் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் 'சமூக விலங்கு' என்று அழைக்கின்றன. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. சென்னையில் புளூ கிராஸ் 1964லேயே தொடங்கிய வழி இது. மாநகராட்சி நாய்களைக் கொல்வதை நிறுத்தி இந்த வழிக்கு வர இன்னும் முப்பது வருடம் ஆனது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது; ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவை பழைய இடத்துக்கே போகலாம் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. பஸ் நிலைய நாயை நம்பி 'அது அங்கேயே இருக்கட்டும், நான் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்' என்று இனி இருக்க முடியாது.

ஆகஸ்ட் உத்தரவில் தத்து பற்றியும் ஒரு வரி இருக்கிறது. விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஊருக்குப் போகும்போது கேட்டைத் திறந்து விட்டுவிட்டு, வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. நானும் அதை ஒரு நல்ல சமரசமாக நினைத்ததுண்டு. இனி அது முடியாது. பயணம் போகிறவர் இதை எடுக்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். எடுத்தால் அது தெருவுக்குப் போக முடியாது. ஆகவே தெருவிலிருந்த ஆட்கள் வீட்டுக்குள் வர வேண்டும்.

ராகி விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன். கீழ் வீட்டு அக்கா, எதிர்க் காம்பவுண்டில் இருக்கும் ஓய்வுபெற்ற செக்யூரிட்டி மாமா, இருவரிடமும் முதலில் பேசினேன். "நாய் எனக்கில்ல, நமக்கு" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல் சாவியை மட்டும் கொடுத்தால் அது உதவி கேட்பதாகிவிடும், உதவி நாலு தடவைக்கு மேல் நிற்காது. இரண்டு மாதம், நான் ஊரில் இருக்கும்போதே, வாரத்தில் மூன்று வேளை அவர்கள் கையால் சோறு வைத்தார்கள். அக்கா களியில் தயிர் பிசைந்து வைப்பார், மாமா சாயங்காலம் கயிறு பிடித்து ஒரு சுற்று கூட்டிப்போவார். பிறகுதான் ஓர் இரவு நான் வெளியே தங்கிப் பார்த்தேன். பிறகு இரண்டு இரவு. முதல் புனே பயணத்தின்போது முதல் நாள் அவள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அக்கா தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாளாம்.

நாய் வளர்ப்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. புது வீட்டில் மிரட்சி குறைய மூன்று நாள், ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஊன்ற மூன்று மாதம். முதல் மூன்று வாரத்தில் நீங்கள் ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது என்பேன். ஆண்டுக் கடைசியில் தொழிற்சாலை மூடும் நாட்களோ, பொங்கலை ஒட்டிய நீண்ட விடுப்போ அதற்கு வாகு. அந்த விடுப்பில் சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால் நாயை அடுத்த விடுப்புக்குத் தள்ளுங்கள்.

பிரிவைத் தாங்காத நாய்களும் உண்டு. ஆள் கிளம்பிய முதல் அரைமணி நேரத்திலேயே கதவைப் பிறாண்டும், ஊளையிடும், பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். ஒருமுறை கைவிடப்பட்ட நாயிடம் இதை எதிர்பார்க்க வேண்டும். வாசலில் பழைய போனில் வீடியோ ஓடவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய்ப் பாருங்கள். தெரிந்துவிடும். ஊரில் இருக்கும்போதே இப்படிச் செய்யும் நாய், நீங்கள் போன பிறகு இரண்டு பேர் இருந்தாலும் ஆரம்பத்தில் சிரமப்படும். அந்த நாய்க்கு எப்போதும் ஆள் இருக்கும் வீடு தேடிக் கொடுப்பதுதான் அன்பு.

பெங்களூரில் நாய்களைத் தங்கவைக்கும் இடங்கள் ஏராளம், நாற்பது கிலோமீட்டர்தான் என்கிறார்கள். சில நாய்களுக்கு அது ஒத்துப்போகிறது. ஆனால் கூண்டையே பார்த்திராத தெருநாயைக் குரைக்கும் இருபது நாய்களுக்கு நடுவே கம்பிக்குள் விட்டால் அது மூன்று நாளும் மூலையில் சுருண்டு கிடக்கும். அப்படி ஓரிடத்திலிருந்து ராகி குரல் கம்மி, உண்ணியோடு வந்தாள். அதன் பிறகு அனுப்பவில்லை. அனுப்புவதானால் இரவில் நாய் எங்கே படுக்கும் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் விடாதீர்கள். கூடவே அழைத்துப் போவதும் சொல்வது போல எளிதில்லை. ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் தனி அறையை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. வேலைக்குப் போகிற பயணத்தில் லாட்ஜ் அறையில் பூட்டிவிட்டுப் போவதற்கு அது வீட்டிலேயே இருக்கலாம்.

ஒரு வழியை மட்டும் வழி என்றே சொல்லக் கூடாது. இரண்டு நாள் சோற்றை வாளியில் போட்டு, சங்கிலியில் கட்டிவிட்டுப் போவது. எங்கள் தெருவிலேயே பார்த்தேன். சோறு புளித்து எறும்பு மொய்த்திருந்தது, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து சங்கிலி எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுக்கு மேலாக அதே ஐம்பது ரூபாய். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கம் காட்டை ஒட்டி வீடு இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ராத்திரி வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு எடுத்து வைத்த இரை.

வீட்டு ஓனரிடம் எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்கிறது விலங்குகள் நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கை. ஆனால் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் நாயைக் காப்பது சுற்றறிக்கை இல்லை, கீழ் வீட்டுக்காரரின் பொறுமைதான். அதைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இரண்டு பேருடைய எண், மருத்துவர் எண், வெறிநோய் ஊசி போட்ட தேதி, சான்றிதழ் இருக்கும் இழுப்பறை. விளையாட்டில் பல் பட்டாலும் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நம்மை நம்பிச் சோறு வைக்க வருகிறவரின் உயிருக்கும் நாம் பொறுப்பு. நாய் எடுக்கலாமா என்று கேட்பவரிடம் நான் இப்போது எத்தனை நாள் பயணம் என்று கேட்பதில்லை. அந்தத் தாளில் எழுத இரண்டு பெயர் இருக்கிறதா என்று கேட்கிறேன். ஒரு பெயர் போதாது, அவருக்கும் ஊரில் கல்யாணம் வரும்.

பெயர் இல்லையென்றால் நாயை விட்டு விலக வேண்டும் என்றில்லை. காது வெட்டில்லாத தெருநாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், வருடா வருடம் ஊசி போடும் செலவை ஏற்கலாம். குழந்தைகள் விளையாடாத, படிக்கட்டும் நுழைவாயிலும் இல்லாத ஓர் இடத்தை மாநகராட்சியோடும் தெருக்காரர்களோடும் பேசி முடிவு செய்து, முறை வைத்துச் சோறு போடலாம். தொடர்ந்து ஊரில் இருக்கப்போகும் மாதத்தில் அறுவைக்குப் பிறகு தையல் ஆறும் வரை ஒரு நாயை வீட்டில் வைத்திருந்து நல்ல இடத்துக்கு அனுப்பலாம். பயணம் போகிறவரால் இதெல்லாம் முழுதாகச் செய்ய முடியும். அரைகுறையாக எடுத்து வளர்ப்பதைவிட நாய்க்கு இது எவ்வளவோ மேல்.

போன வியாழக்கிழமை புனேயிலிருந்து ராத்திரி விமானம், பெங்களூரில் இறங்கி ஓசூர் வரும்போது விடியற்காலை நான்கரை. குளிர். காம்பவுண்ட் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன். கீழ் வீட்டு வாசற்படியில் அக்கா கோலப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார், அவர் காலில் தலை வைத்து ராகி படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காதைத் தூக்கினாள், வால் தரையில் நாலு தடவை தட்டியது. எழுந்து ஓடி வருவாள் என்று பையைக் கீழே வைத்தேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, தலையை மறுபடி அக்கா காலிலேயே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.